தக்ஷினி அறை மணிபிளான்ற்

ஜனவரி 11, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, இவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, தக்ஷினியின் அறைக்குள் போய் மணிபிளான்றுக்கு ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினேன். பெற்ற மகளின் செடிக்குத் தண்ணீர் ஊற்றக்கூடக் களவாக நடக்கவேண்டிய வீடாகிவிட்டது இது.

செப்டெம்பரில் போனாள். கலியாணம் கட்டாமலே பிரெஞ்சு கதைக்கிற ஒரு கியூபெக் பெடியனோடு செயின்ட்-மிஷேலில் வீடெடுத்து இருக்கிறாள். அன்று இவர் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “இனி இந்த வீட்டில அவளின்ர கதை எடுக்கப்படாது.” அவளும் அந்த அப்பனின் மகள்தானே. எனக்குக்கூட ஒரு போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. என்னத்தைச் சொல்லி எடுக்கிறது?

உடுப்பு, புத்தகம், மேசைவிளக்கு எல்லாம் ஏற்றிப் போனாள். இந்தச் சட்டி மட்டும் நின்றுவிட்டது. இதுவும் செத்தால் அவள் இங்கே இருந்தாள் என்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

ஜனவரி 19

அந்த அறையில் வெளிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. லாசாலில் எங்களுக்கு வாய்த்தது பாதி நிலத்துக்குக் கீழே இருக்கிற வீடு. ஜன்னல் நிலமட்டத்தில், அதுவும் வடக்குப் பார்த்தது. இந்த மாதங்களில் உள்ளே வருவது அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம். இதில் எப்படி இந்தக் கொடியை அலுமாரி உயரத்துக்கு வளர்த்தாள்? ஒருநாளாவது கேட்டிருக்கலாம்.

பெப்ரவரி 1

இலைகள் மஞ்சளாகின்றன.

பெப்ரவரி 8

பூசைக்குப் பிறகு மரியம்மாக்காவிடம் கேட்டேன். ஊரில் பெரிய பூந்தோட்டம் வைத்திருந்தவர். “அரிசி கழுவின தண்ணிய ஊத்தும் பிள்ளை. எங்கட ரோசா எல்லாம் அதிலதானே வளர்ந்தது.” வந்து ஊற்றினேன்.

பெப்ரவரி 12

அறை புளித்து மணக்கிறது. மண்ணிலிருந்து சின்னச் சின்னப் பூச்சி கிளம்புகிறது. ஊரில் ஊற்றினதை வெயில் குடித்துவிடும். இங்கே யார் குடிப்பது? மரியம்மாக்காவைக் குறை சொல்லிப் பயனில்லை, ஊற்றினது நான்.

பெப்ரவரி 18, விபூதிப் புதன்

இரவு முழுக்கப் பனி. வீதியைத் துப்புரவாக்குகிற வண்டி எல்லாவற்றையும் எங்கள் சுவரோடு தள்ளிவிட்டுப் போய்விட்டது. இவர் பனி அள்ளுகிற சவளை எடுத்துக்கொண்டு போனார், வாசல் படியைத் துப்புரவாக்கத்தான் என்று நினைத்தேன். பார்த்தால் வீட்டைச் சுற்றிப் போய் தக்ஷினி அறை ஜன்னலை மறைத்த பனியை அள்ளிக்கொண்டு நிற்கிறார்.

ஏன் என்று கேட்டேன். “உருகினா தண்ணி உள்ள வந்திடும்” என்றார்.

மற்ற ஜன்னல்களுக்குள் மட்டும் வராதாக்கும்.

மார்ச் 1

இன்று ஊற்றவில்லை. போன ஞாயிறும் ஊற்றவில்லை. ஆனாலும் மண் சேறு மாதிரி இருக்கிறது, தட்டில் தண்ணீர் நிற்கிறது. எங்கேயாவது குழாய் ஒழுகுகிறதோ?

மார்ச் 5

உறைமழை, விழுந்ததும் தெருவெல்லாம் கண்ணாடி மாதிரி உறைகிறது. பஸ் நின்றுவிடும் என்று என்னை வேலையிலிருந்து நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். இவருக்குப் பின்னேர வேலை, வீட்டில்தான் இருந்தார். தக்ஷினியின் அறைக் கதவு திறந்து கிடந்தது. அவளுடைய வெறும் கட்டிலில் இவர் இருக்கிறார். கையில் கேத்தில். செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டு எழும்பினார். “நீர் தண்ணி ஊத்திறேல்லையெண்டு நினைச்சன்” என்றார்.

“நான் ஞாயிறு ஞாயிறா ஊத்தினனான்.”

“நான் நாள் விட்டு நாள்.”

இரண்டு பேரும் மஞ்சள் இலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சிரிக்கவேண்டிய விஷயம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

கோபம் கோபமா வருது. அரை வருசமா ஒரு வீட்டுக்குள்ள, ஒரே சட்டிக்கு, ஆளுக்கு ஒளிச்சு ஆள் — வாய் திறந்து ஒரு சொல்லுக் கதைச்சிருந்தா இந்தச் செடி அழுகியிருக்குமோ? பிள்ளையும் போயிருப்பாளோ?

மார்ச் 6

சட்டியைக் கவிழ்த்தோம். வேர் கறுத்து, விரல் வைத்தால் கரைகிறது. மேலே ஒரு கொடி மட்டும் பச்சையாக நிற்கிறது. படம் எடுத்துத் தக்ஷினிக்கு அனுப்பினேன். ‘செடி சாகுது. என்ன செய்ய?’ அவ்வளவுதான் எழுத வந்தது. இவர் பக்கத்தில் நின்றார். அனுப்பவேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 7

பதில் வந்தது, அவளுடைய குரலிலேயே பதிந்து.

“அம்மா, தண்ணிய நிப்பாட்டுங்கோ. வேர் அழுகிப் போச்சுது. நல்லா இருக்கிற கொடிய, கணுவுக்குக் கொஞ்சம் கீழ வெட்டி ஒரு போத்திலுக்குள்ள தண்ணியில விடுங்கோ. கணு தண்ணிக்குள்ள நிக்கோணும். அழாதேங்கோ.”

நான் அழுகிறேன் என்று யார் சொன்னது.

இவர் கத்தரிக்கோலோடு நின்றார். “திரும்பப் போடும். எங்க வெட்டுறதெண்டு விளங்கேல்ல.” போட்டேன். வெட்டினார். சரியான இடத்தில்தான் வெட்டினார். பிறகு, “இன்னொருக்காப் போடும்” என்றார். வெட்ட இனி ஒன்றுமில்லை. போட்டேன்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

ஜாம் போத்திலுக்குள் வெள்ளையாய் ஒரு வேர், நூல் அளவில். தண்ணீர் மாற்றுவது இவர் பொறுப்பு என்று பேசி வைத்திருக்கிறோம். நான் தொடுவதில்லை.

ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு

சாப்பிடும்போது இவராகவே சொன்னார்: “வேர் நல்லா விட்டிட்டுது. இஞ்ச வெளிச்சம் காணாது.”

நான் தக்ஷினியிடம் விலாசம் கேட்டு, எழுதி, இவருடைய கோட்டுப் பைக்குள் வைத்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வெளியில் இன்னும் குளிர்தான். போத்திலைத் துவாயால் சுற்றிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு இவர் தனியாக மெற்றோவுக்குப் போனார். நானும் வாறன் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. நான் கூடப் போனால் என்னையே கதைக்க விட்டுவிட்டு இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மத்தியானம் போனது. நல்லாய் இருட்டி வந்தார். கையில் துவாய் மட்டும். கை கழுவி, மேசைக்கு வந்து இருந்து சொன்னார்.

“அவையின்ர ஜன்னல் தெற்குப் பாத்தது. பின்னேரம் வரைக்கும் வெயில் விழுது.”

அவையின்ர. இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொன்னார்.

“சாப்பிடுறீங்களோ?” என்று கேட்டேன்.

“இல்லை. அங்க சாப்பிட்டிட்டன்.”