ஜில்லுவுக்குக் குரல் ஆகாது

பிலோமிக்கு,

உன் லவ் பேர்ட் சரியாகத் தின்பதில்லை. நெஞ்சு இறகைத் தானே பிய்த்துக்கொள்கிறது. இன்று கூண்டின் மேல் உன் பழைய நைட்டியைப் போர்த்தி, பாப்பாரப்பட்டியிலிருந்து தர்மபுரிக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன். பஸ்ஸே என்னைத்தான் பார்த்தது.

மாட்டாஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒரு அம்மா ஆட்டோடு நின்றார். டாக்டரம்மா ஜில்லுவைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, “நோவு ஒண்ணும் இல்லைங்க. வூட்ல யாராச்சும் ஊருக்குப் போயிட்டாங்களா?” என்றார்.

வூட்டுக்காரி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றேன். ஜில்லு ஏங்கக் கூடாதென்று தினமும் உன் குரலை போனில் போட்டுக் காட்டுவதையும் சொன்னேன். அதைப் போடச் சொன்னார்.

நீ போகும்போது அனுப்பிய அந்த ஒரு வாய்ஸ் மெசேஜ்தானே என்னிடம் இருக்கிறது.

“சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு. நான் கெளம்பறேன்.”

ஜில்லு கம்பியில் மோதி மோதிக் கத்தியது. ஆட்டுக்கார அம்மா தரையைப் பார்த்தார்.

“இதையாங்க தெனமும் போட்டீங்க?” என்றார் டாக்டரம்மா. “கொரல் கேட்டா ஆளத் தேடும்ங்க. இனிமே போடாதீங்க.”

அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். உள்ளங்கையில் தினை வைத்து நீட்டினால் என் விரலைக் கொத்துகிறது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் கூண்டு ஆடுகிறது. நானும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இதை எழுதி முடிப்பதற்குள் நாலு தடவை போய்விட்டேன்.

குரல்தான் கூடாதாம். ஆள் வரக்கூடாதென்று டாக்டரம்மா சொல்லவில்லை.

சாவி மீட்டர் பெட்டி மேலேயேதான் இருக்கிறது.

உன் வூட்டுக்காரன்