ஒரே நீளத்தில் பாடிய பாட்டுகள்

தேவ்நார்,
மார்ச் 9, திங்கள்.

அன்பு மகள் லிசாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நானும் அம்மாவும் சுகம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. என் மனசு மட்டும் இருபத்து நாலு நாளாகச் சுகமில்லை. நீ அங்கே டப்ளினில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா என்று அறிய ஆவல். போனில் பேசாமல் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேனே என்று ஆச்சரியப்படாதே. ஒரு ரூமும் கிச்சனும் உள்ள வீட்டில் நான் போனில் என்ன பேசினாலும் அம்மா காதில் விழும், நீ கூப்பிடும்போது ஸ்பீக்கரில் போடாவிட்டால் அவளுக்குக் கோபம் வேறு. எழுதினால் அவள் எட்டிப் பார்க்கமாட்டாள், கோவில் குவையர் கணக்கு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்வாள். நீ தமிழ் வாசிக்கத் திணறுவாய் என்று எழுத்தைப் பெரிதாகப் போடுகிறேன், நிதானமாக வாசி.

இங்கே லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது, அம்மா முட்டுவலியோடு ஆறு மாடி இறங்கமுடியாமல் வீட்டிலேயே இருக்கிறாள். எதிர் வீட்டுப் பேராச்சி அக்காதான் காய்கறி வாங்கி வந்து கொடுக்கிறாள். போன வாரம் நீ அம்மாவிடம் ஒரு விஷயம் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? யாரோ என் கணக்கைத் திறக்கப் பார்க்கிறான், நாலு நாளாக ராத்திரி பகல் பார்க்காமல் ஆறு இலக்க நம்பர் வந்துகொண்டே இருக்கிறது, பயந்துபோய் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன் என்றாய். அம்மா உடனே, நாசமாப் போவான், அவன் கை வெளங்குமா என்று வைதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்த யாரோ நான்தான், மகளே. திட்டு வாங்கியதும் நான்தான், தலையாட்டியதும் நான்தான்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். ஜனவரியில் நீ வந்தபோது புது லாப்டாப் வாங்கித் தந்து, பழைய கம்ப்யூட்டரைச் செம்பூர் கடையில் மாற்றிக் கொடுத்து, அதில் நாம் நாலு பேரும் பாடிப் பதிவு செய்த குவையர் பாட்டெல்லாம் இனி கிளவுட் என்கிற மேகத்தில் பத்திரமாக இருக்கும் என்றாய். உன் பெயரில்தான் கணக்கு, உன் நம்பருக்குத்தான் செய்தி வரும், எதை அழுத்துவதானாலும் என்னிடம் கேட்டுட்டு அழுத்துங்கப்பா என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாய். நானும் கேட்டுக் கேட்டுத்தான் அழுத்தினேன். ஆனால் முப்பத்தொரு வருடம் ரயில்வே ஆபீஸில் ஃபைல் பார்த்தவன், ஒரு பாட்டைப் போனுக்கு மாற்றுவதற்கு மகளை வேலைக்கு நடுவில் கூப்பிடுவதா என்று எனக்குள் ஒரு ரோஷம். பாட்டுகளை மொத்தமாகப் புதுப் போனில் ஏற்றிவிட்டால், ஒத்திகையில் எந்தப் பிள்ளை எந்தப் பாட்டைக் கேட்டாலும் போட்டுக் காட்டலாம் என்று ஆசைப்பட்டேன். போன் இடமில்லை என்றது. லாப்டாப்போ வலிய வந்து, உங்களிடம் ஒரே மாதிரி பாட்டு எண்ணூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது, துப்புரவு செய்யட்டுமா என்று கேட்டது. எனக்கு ஒரே சந்தோஷம், இவ்வளவு குப்பையையா கட்டிக்கொண்டு அழுதோம் என்று சரி என்பதை அழுத்தினேன். நீக்கியதை முப்பது நாள் வைத்திருப்பேன், பிறகு அழித்துவிடுவேன் என்று ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தது. மிச்சம் இருந்தவை சமர்த்தாகப் போனுக்குள் ஏறிக்கொண்டன.

மறுநாள் சனிக்கிழமை. கோவண்டியில் ஏறி குர்லாவில் மாறி சயானில் இறங்கி நம் தாராவிக் கோவிலுக்கு ஒத்திகைக்குப் போனேன். குருத்தோலை ஞாயிறுக்கு நூற்று நாற்பத்து மூன்றாம் பாட்டு. பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, இந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்தாலும் ராகம் தெரியாது, உன் குரலைக் கேட்டுத்தான் பாடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். சோப்ரானோ பிள்ளைகள் எட்டுப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க நான் நம்பரைத் தட்டிப் போட்டேன். என் குரல் வந்தது. உம் உம் என்று பேஸ் மட்டும். ஆல்ட்டோவுக்கு அம்மா பாடியதைத் தேடி நம்பரைத் தட்டினேன், அதிலும் நான். டெனருக்கும் நான். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து பெஞ்சில் விழுந்தார்கள், நம்மோடு டெனர் பாடிய ஸ்டெர்லின் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அங்கிள், டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க, வேற ஃபோல்டர்ல இருக்கும் என்றான். வேறு எந்த ஃபோல்டரிலும் இல்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்று யோசித்து யோசித்து எனக்கே புரிந்தது. நாலு பேருக்கும் அவரவர் பெயரில் நாலு ஃபோல்டர் வைத்து ஒவ்வொன்றிலும் பாட்டுக்குப் பெயராகப் புத்தகத்து நம்பரை மட்டும் போட்டது நான். ஒருவர் குரல் இன்னொருவர் குரலோடு பிசகாமல் சேர வேண்டும் என்று தாளப்பெட்டியைத் தட்டவிட்டு நாலு பேரையும் ஒரே நீளத்தில் பாட வைத்ததும் நான். பெயர் ஒன்று, நீளம் ஒன்று, எடை ஒன்று. மெஷினுக்குக் குரலா தெரியும், நாலும் ஒரே பாட்டு என்று முடிவுகட்டிவிட்டது. ஆங்கிலத்தில் ஆபிரகாம் முதலில் வருகிறான், அம்மா ஜாக்குலினும் லிசாவும் ஸ்டெர்லினும் பின்னால் வருகிறார்கள், அதனால் என்னை விட்டுவிட்டு உங்கள் மூவரையும் வாரிக் குப்பையில் போட்டுவிட்டது. குப்பையைத் திறக்கலாம் என்று போய்ப் பதற்றத்தில் எதையோ அழுத்தியதில் கணக்கை விட்டே வெளியே வந்துவிட்டேன். மறுபடி உள்ளே போக நம்பர் கேட்கிறது, நம்பரோ டப்ளினுக்குப் போகிறது. பிள்ளைகளிடம் வாங்கலாம் என்றால் அவர்கள் பண்டிகை முடிந்ததும் போனில் இடமில்லை என்று அழித்துவிடுகிறவர்கள்.

அன்றிலிருந்து நான் மூன்று ஒத்திகைக்குப் போகவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று ஸ்டெர்லினிடம் சொன்னேன், அவன் அக்கறையாக அம்மாவுக்குப் போன் செய்து விசாரிக்க, அவளிடமும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது காலையும் மாலையும் மிளகுக் கஷாயம். நல்ல தொண்டையை வைத்துக்கொண்டு அதைக் குடிக்கிற பாட்டை நான் யாரிடம் சொல்வேன். வீட்டில் சத்தமாகப் பேசமுடியவில்லை, முணுமுணுவென்று ஒரு வரி பாடமுடியவில்லை, கீழே இறங்கினால் கோவில்காரர் யாராவது எதிர்ப்பட்டு விசாரிப்பார்கள். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்கு மேலே குரல் எழும்புவதில்லை, அவள் பாடியது போய்விட்டது என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? அதுதான் சொல்லாமல் இருக்கிறேன். கூண்டுக்குள் எலி மாதிரி இந்த ஒரு ரூமில் சுற்றிச் சுற்றி வருகிறேன், லிசா.

போன புதன்கிழமை அம்மா மத்தியானம் தூங்கும்போது போனில் மிச்சம் இருக்கிற பாட்டை எண்ணினேன். புத்தகத்தில் நாம் பதிவு செய்தது இருநூற்று எழுபத்தொன்று. போனில் இருநூற்று எழுபத்திரண்டு இருந்தது. ஒன்று கூட. திரும்ப எண்ணினாலும் ஒன்று கூட. தேடிப் பார்த்தால் எண்பத்தெட்டாம் பாட்டு இரண்டு இருக்கிறது. ஒன்று நான். இன்னொன்று நீ. அது மட்டும் மற்றதைவிட நாலு நொடி நீளம், அதனால் மெஷின் அதை வேறு பாட்டு என்று நினைத்து விட்டுவிட்டது. காதில் வயரைச் செருகிக் கேட்டேன். பாட்டு முடிந்த பிறகு, அம்மா சிரிக்காதீங்க, அப்பா பாக்காங்க என்று மெதுவாகச் சொல்கிறாய். பிறகு நீங்கள் இரண்டு பேரும் அடக்கமாட்டாமல் சிரிக்கிறீர்கள். பதினேழு வயதுச் சிரிப்பு. அன்று நான் உங்களை வைததும் திரும்ப எடுக்கவேண்டும் என்று குறித்து வைத்ததும் ஞாபகம் இருக்கிறது, எப்படியோ மறந்துவிட்டேன். நான் மறந்ததால் அந்த ஒன்று தப்பியது. நூற்று நாற்பத்து மூன்றுக்கு ஒன்பது தடவை உன்னைத் திரும்பப் பாட வைத்தேன், ஒன்பதாவது தடவை நீ அழுதுகொண்டே சரியாக முடித்தாய், நான் சபாஷ் என்றுகூடச் சொல்லாமல் அடுத்த நம்பரைச் சொன்னேன். பாட்டு என்றாலே அப்பாவோட தாளப்பெட்டி சத்தந்தான் கேக்கு, அதான் நான் பாடறதையே விட்டுட்டேன் என்று நீ அம்மாவிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்போது கோபம் வந்தது. இப்போது அந்த நாலு நொடியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆகவே மகளே, வரும் ஞாயிற்றுக்கிழமையோடு முப்பது நாள் முடிகிறது. அதற்குள் நீ உன் கணக்கைத் திறந்து குப்பையிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்துவிடு. எனக்கு நம்பர் அனுப்பவேண்டாம், நான் எதையும் தொடமாட்டேன். வந்துவிட்டால் போன் பேசும்போது அம்மாவிடம், அப்பா தொண்டை சரியாப் போச்சா என்று கேள், நான் புரிந்துகொண்டு கஷாயத்தை நிறுத்திவிடுகிறேன். வரவில்லை என்றால் நானே அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன், நீ இடையில் மாட்டிக்கொள்ளாதே.

கர்த்தர் உனக்கு நல்ல பசியும் நல்ல தூக்கமும் கொடுத்து, வழிநடையில் உன் கூடவே இருப்பாராக. வெளியே போகும்போது தொப்பியை மறக்காதே. பாட்டு திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் ஒன்று கேட்கிறேன். நேரம் கிடைக்கிற அன்று நூற்று நாற்பத்து மூன்றை எனக்காக ஒரு தடவை பாடி அனுப்பு. தாளப்பெட்டி வேண்டாம். எவ்வளவு நீளம் வருகிறதோ அவ்வளவு நீளம் பாடு.

இப்படிக்கு,
உன் கணக்கைத் திறக்கப் பார்த்த
அப்பா ஆபிரகாம்.