மஞ்சள் ஷூ

அன்பு மகளுக்கு,

உங்கள் ஷூ கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. "அன்புள்ள பழைய வாடிக்கையாளரே" என்று ஆரம்பித்து, அடியில் 'வடிவமைப்பாளர்' என்று உன் கையெழுத்து. ஊருக்கெல்லாம் இதையேதான் அச்சடித்து அனுப்பியிருப்பீர்கள், தெரியும். இருந்தாலும், நீ வீட்டைவிட்டுப் போன எட்டு வருடத்தில் உன்னிடமிருந்து வந்த முதல் 'அன்புள்ள' அது.

இளசுகளுக்கென்று புதிதாக மஞ்சள் ஷூ வந்தாலும், எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்கான கருப்பு ஷூவை நிறுத்த மாட்டீர்களாம். நீ வடிவமைத்த அந்த மஞ்சளையே நான் வாங்கினேன். கடைக்காரப் பெண், "பேரனுக்கா சார்?" என்றாள்.

"எனக்குத்தாம்மா. எம்பொண்ணு டிசைன்" என்றேன்.

கடிக்கிறது. நீ செய்ததாயிற்றே, கடிக்காமல் இருக்குமா? கருத்துப் படிவத்தில் 'அருமை' என்றே எழுதினேன். உன் மேலதிகாரிகள் பார்ப்பார்களே.

உன் வீட்டு விலாசம் தெரியாததால் கம்பெனிக்கே அனுப்புகிறேன். பதில் போடுவதானால், வாடிக்கையாளரே என்று மட்டும் ஆரம்பிக்காதே.

அப்பா