வண்டி வராத ரோட்டுக்கு பஸ் வந்துருச்சு, மாப்ள

என் ஞாயித்துக்கிழமைகளை எல்லாம் கையோட கொண்டுபோயிட்ட மாப்ள துளசிராமுக்கு,

நல்லா இருக்கியான்னு உன்கிட்டக் கேக்க முடியாது. நான் நல்லா இருக்கேன்னும் சொல்றதுக்கில்ல. முழங்கால் ரெண்டும் சண்டை போடுது. சைக்கிளுக்கு எண்ணெய் விட்டாச் சத்தம் நிக்குது, எனக்கு நிக்க மாட்டேங்குது. அலுப்பா இருக்கு மாப்ள.

நீ போய் ரெண்டு மழைக்காலம் முடிஞ்சிருச்சு. இம்புட்டு நாள் கழிச்சு இவன் எதுக்கு எழுதுறான்னு கேப்ப. ஒரு சேதி இருக்கு. நீ நாயா அலைஞ்சியே, அந்த பஸ் வந்துருச்சு. வந்தும் ரொம்ப நாளாச்சு. உனக்குச் சொல்லாம இருந்ததுக்குக் காரணம், அந்த பஸ் மேல எனக்கு அம்புட்டுக் கோவம்.

இந்தக் கடுதாசியைப் படிக்கிற மத்தவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கிறேன், நீ பொறுத்துக்க. மில் ஆபீஸ்ல உனக்கும் எனக்கும் எதிரெதிர் மேஜை. நீ வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை. தறிச் சத்தத்துலயே பொறந்து வளர்ந்ததாலயோ என்னவோ, சத்தமில்லாத இடம்னா உனக்கு உசிரு. நான் உசிலம்பட்டிப் பக்கம் வெள்ளாமை பாக்குற குடும்பம். அந்தப் பக்கத்துப் பஸ் வராத ரோட்டுல நடந்தே பள்ளிக்கூடம் போயி, இதை விட்டு ஓடினாப் போதும்டா சாமின்னு டவுனுக்கு வந்தவன். என்னையப் போயி ஞாயித்துக்கிழமையானாத் திரும்ப அங்கயே இழுத்துட்டுப் போவ.

ரெண்டு பேருக்கும் கியர் இல்லாத கறுப்பு சைக்கிள். கோச்சடை, துவரிமான், மேலக்கால் வரைக்கும் லாரிக்காரங்களுக்குப் பயந்து உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டணும். தென்கரை வந்ததும் வெத்தலைக் கொடிக்கால் ஓரமாக் காத்து குளுந்துரும். மன்னாடிமங்கலத்துக்கு அங்கிட்டு தெக்க திரும்பி நாகமலைப் பக்கம் ஏற ஆரம்பிச்சோம்னா, எதிர்ல வாறது ஆட்டுக்கூட்டம் மட்டும்தான். ஏத்தத்துல நீ இறங்கித் தள்ளவே மாட்ட. ரோட்டோட இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் வளைச்சு வளைச்சு ஏறுவ. மேல போய் நின்னதும் பேசக்கூடாதும்ப. மூச்சு வாங்குற சத்தம் அடங்குற வரைக்கும் நின்னுட்டு, "இப்பக் கேளு"ம்ப. என்னத்தக் கேக்க? ஒண்ணும் கேக்காது. அதுக்குத்தான் இம்புட்டுத் தூரமும் மிதிச்சு வந்தோம்னு சிரிப்ப.

ரோடு கண்டுபிடிக்க நீ வச்சிருந்த வழியை இப்ப நினைச்சாலும் தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு. மேப்பு கீப்பு எதுவும் கிடையாது. கண்ட டீக்கடையில நின்னு, "அண்ணே, இந்த ரோட்டுல பஸ் எத்தனை தடவை வரும்?"னு கேப்ப. "அடிக்கடி வரும் சார்"னா உன் மூஞ்சி தொங்கிப் போகும். "பஸ்ஸா? இந்த ஊருக்கா? நீங்க வேற சார், மாட்டு வண்டி வந்தாலே பெருசு"ன்னு எவனாவது பொலம்புனா உனக்கு முகமெல்லாம் பல்லு. அந்தாளு தன் குறையைச் சொல்றான், நீ சிரிக்கிற. அடி வாங்காம உன்னை ஓரமா இழுத்துட்டுப் போறதே என் சோலி.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான வினை வந்துச்சு? விக்கிரமங்கலம் தாண்டி மலைக்குள்ள பிரியிற ரோட்டுல பேச்சியம்மா டீக்கடை. வாராவாரம் அங்க நின்னு, பஸ் வருதா, ரோடு எதுவரைக்கும் போகும், அங்கிட்டு எத்தனை ஊரு இருக்குன்னு விசாரிச்சா அவங்க என்ன நினைப்பாங்க? கண்ணாடி போட்ட ரெண்டு பேரு, பஸ் ஆபீஸ்லேர்ந்து ரோடு பாக்க வந்திருக்காங்கன்னு ஊரே முடிவு பண்ணிருச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை போய் இறங்குறோம், ரெண்டு நாற்காலி போட்டிருக்கு. கோலி சோடா உடைக்கிறாங்க. உனக்கு ஒருத்தர் துண்டு போத்துறார். ஆத்தாடி!

"பஸ் எப்ப சார் விடுவீங்க? பிள்ளைக பெரிய பள்ளிக்கூடத்துக்கு மலையைச் சுத்தி நடந்து போகுதுக"ன்னு பேச்சியம்மா கேட்டுச்சு. நாங்க சும்மா சைக்கிள் ஓட்ட வந்தவங்கம்மான்னு சொல்ல நான் வாயைத் தொறக்கிறேன், நீ என் காலை மிதிக்கிற. "முயற்சி பண்றோம்மா"ன்னு சொல்லிட்ட. கூறு இருக்காடா உனக்கு?

திரும்பி வரும்போது வழி பூரா உன்னைத் திட்டிக்கிட்டே வந்தேன். தேடித் தேடி ஒரு ரோட்டைக் கண்டுபிடிச்சுட்டு, அதுல நீயே பஸ்ஸைக் கொண்டாந்து விடுவியா, நம்ம ரோட்டை நாமளே கெடுக்கணுமான்னு கேட்டேன். நீ மிதிச்சுக்கிட்டே என் பக்கம் திரும்புன. அப்புறம் சொன்ன: "நமக்கு அது ஞாயித்துக்கிழமை ரோடு மாப்ள. அவங்களுக்கு ஏழு நாளும் அதுதான்."

சொன்னது மட்டுமா? லீவைப் போட்டுட்டு டிப்போவுக்கு அலைஞ்ச. பெரிய அதிகாரி வாற வரைக்கும் பெஞ்சுல காத்துக் கிடந்த. நான் ஒரு தடவைகூட உன்கூட வரல. வரமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் வரல, அதுல எனக்கு ஒளிவுமறைவு கிடையாது.

அப்புறம் ஒரு நாள் காலையில ஆபீஸுக்குக் கிளம்பி, சட்டைப் பட்டன் போட்டுக்கிட்டு இருக்கும்போதே சாஞ்சிட்டன்னு ஃபோன் வந்துச்சு. மலை ஏறுன நெஞ்சுடா அது. வீட்டுக்குள்ள நிக்கும்போதா நின்னு போகும்? இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. உன் மேஜைக்குக் கம்ப்யூட்டர் வந்துருச்சு. அதுக்குப் பின்னால யாரு உக்காந்திருக்கான்னு நான் நிமிந்து பாக்குறதே இல்ல.

ஞாயித்துக்கிழமை மட்டும் கால் தானா அங்க போயிருது. முதல் தடவை அந்த பஸ்ஸை நான் எங்க பாத்தேன் தெரியுமா? மேல வளைவுல. பின்னால வந்து ஹாரனை அமுக்குறான் பாரு, பதறிப் போயி ஓரம் கட்டுனேன். கருவேல முள்ளு ஏறி ரெண்டு டயரும் பஞ்சர். புழுதியில நின்னு உன்னைத் திட்டுனது உனக்குக் கேட்டிருக்கும்.

பேச்சியம்மா ஒவ்வொரு தடவையும், "பெரிய சாரு வரலையா?"ன்னு உன்னையக் கேக்கும். ஊருக்குப் போயிருக்காரும்பேன். மேலுக்குச் சரியில்லம்பேன். செத்துட்டன்னு சொல்ல வாய் வரல மாப்ள. மதுரையில எல்லாருக்கும் நீ செத்துட்ட. அந்த ஒரு டீக்கடையில மட்டும்தான் ஊருக்குப் போயிருந்த. அதை எப்படிடா நான் கெடுப்பேன்?

போன ஞாயித்துக்கிழமை நான் கடையில உக்காந்திருக்கேன். பஸ் வந்து நின்னுச்சு. கண்டக்டர் டீ குடிச்சுக்கிட்டே, "அடுத்த மாசத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை வண்டி கிடையாதும்மா. பள்ளிக்கூடம் லீவு, ஆள் ஏறமாட்டேங்குது. நிறுத்தச் சொல்லிட்டாங்க"ன்னாரு. உன்கிட்ட எதுக்கு மறைக்கணும்? எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ரோடு திரும்ப வந்துருச்சுடான்னு நினைச்சேன்.

பேச்சியம்மா அப்படியே நின்னுருச்சு. கையில, அதே பஸ்ல மகளுக்குக் கொண்டுபோகச் சோறு கட்டுன தூக்குவாளி. அது மக மதுரையில நர்ஸுக்குப் படிக்குது, ஹாஸ்டல். பாக்க விடுறது ஞாயித்துக்கிழமை மட்டும்தான். "இந்த பஸ்ஸை நம்பித்தான சார் பிள்ளையை அம்புட்டுத் தூரத்துல விட்டேன். ஒரு வாரம் போகலைன்னா அழுது கரைஞ்சிரும், படிப்பை விட்டுட்டு வாரேன்னு நிக்கும்"னு சொல்லிட்டு என் பக்கத்துல வந்துச்சு. "பெரிய சாரைக் கூட்டிட்டு ஒரு எட்டு டிப்போவுக்குப் போங்க சார். அவரு சொன்னாக் கேப்பாங்க."

இனி எத்தனை தடவைதான் உன்னை ஊருக்கு அனுப்புறது? எனக்குத் தெம்பில்ல. "பெரிய சாரு தவறிட்டாரும்மா. பஸ் வாறதுக்கு முன்னாடியே"ன்னுட்டேன். அதோட விடாம, நாங்க பஸ் ஆபீஸே இல்லம்மா, மில்லுல கணக்கு எழுதுறவங்க, சும்மா சைக்கிள் ஓட்ட வந்தவங்கன்னு அதையும் சொல்லிட்டேன்.

அந்தம்மா தூக்குவாளியைக் கீழ வச்சுட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச்சு. முந்தானையை எடுத்துட்டு, "பஸ் ஆபீஸ் இல்லைங்கிறது எங்களுக்கு அப்பவே தெரியும் சார். பஸ் ஆபீஸ்காரன் சைக்கிள்லயா வருவான்? முடியாதுன்னு சொல்ற முகமில்ல அவருக்கு. அதான் கேட்டோம்"னுச்சு. எனக்குச் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. துண்டு போத்துனதெல்லாம் தெரிஞ்சேதான் போத்தியிருக்காங்க மாப்ள!

அப்புறம் என்னையே பாத்துச்சு. "அப்ப இம்புட்டு நாளும் ஒத்தையிலயா சார் இந்த மலையை மிதிச்சு வந்தீங்க?"

யாரும் என்கிட்ட இதைக் கேட்டதில்ல. உன் சாவு வீட்டுல அழாதவன், கண்டக்டர் பாக்க அந்த பெஞ்சுல உக்காந்து அழுதேன்.  கண்டக்டர் டீ கிளாஸை வச்சுட்டு, "ஏறுங்க சார், சைக்கிளை மேல கட்டிக்குவோம்"னாரு. அந்த பஸ்ல காலே வைக்க மாட்டேன்னு சபதம் போட்டவன் நான். ஏறிட்டேன். ரெண்டே டிக்கெட், எனக்கும் பேச்சியம்மாவுக்கும். ஏத்தத்துல வண்டி முக்கி முக்கி ஏறுச்சு. நான் ஜன்னல்ல தலையைச் சாச்சுக்கிட்டேன். மதுரை வந்து அந்தம்மா எழுப்பித்தான் முழிச்சேன்.

நாளைக்கு ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டேன். டிப்போவுக்குப் போறேன், நீ கிடந்த பெஞ்சுலயே கிடக்கிறேன். எனக்கு உன்னை மாதிரி இதமாப் பேச வராது, சண்டை போடத்தான் வரும். போட்டுட்டு வாரேன். ஞாயித்துக்கிழமை போறது சைக்கிள்ல, திரும்புறது உன் பஸ்ல. ஏற ஆளில்லைன்னு இனி எவனும் சொல்லக்கூடாது. அந்தப் பிள்ளை படிச்சு முடிக்கிற வரைக்கும் அதுல ஒரு சீட்டு என்னுது.

இப்படிக்கு,
ஒத்தையில மிதிச்சாலும் விடாம மிதிக்கிற
உன் மச்சான்,
ஒச்சப்பன்