பூட்டுக்கு வைத்த பெயர்

தேஜோன்,
டிசம்பர் 3

அன்புள்ள கியுசொக்,

ராணுவப் பயிற்சி முகாமில் இதை எப்போது உன் கையில் தருவார்களோ தெரியவில்லை. உங்கள் முகாம் இருக்கும் சொர்வோனில் பனி கொட்டுவதாகச் செய்தியில் சொன்னார்கள். ஈரக் கையுறையோடு இருக்காதே, உனக்கு விரல் வெடித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா விடுதிக்கு வந்திருந்தார். ஒரு டப்பா நிறையப் புதிதாய் ஊறவைத்த முட்டைக்கோஸ் கிம்ச்சி. "அவன் இல்லாம அந்தப் பாடத்த நீ ஒருத்தியாவா முடிக்கிற?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நடந்ததை அவரிடம் சொல்லவில்லை.

அந்தப் பாடத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கணினி இயங்குதள வகுப்புக்காக நாம் எழுதிய பூட்டு நினைவிருக்கிறதா? நினைவகத்தின் ஒரே இடத்தில் இரண்டு நிரல்கள் ஒன்றாகக் கைவைக்காமல், ஒன்றைக் காத்திருக்க வைப்பதற்கு. ஒவ்வொரு முறையும் இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டே உறைந்துபோகும். கடைசியில் ஓடியபோது நீ ஆய்வக மேசைமேல் ஏறி ஆடினாய். பூட்டுக்கு உன் நாய் டுபுவின் பெயரை வைத்தாய்.

அதே பூட்டு, அதே பெயரோடு, இன்னொரு குழுவின் நிரலிலும் இருந்தது.

பேராசிரியர் பியோ என்னைக் கூப்பிட்டு இரண்டையும் திரையில் காட்டினார். "யாரும்மா இந்த டுபு? ஊருக்கே தெரிஞ்ச ஆளா?" என்றார். சிரிக்கவில்லை. அந்தக் குழுவில் இருப்பவன் நம் ஜூனியர் சங்உக், உன் பின்னாலேயே சுற்றுவானே, அவன்தான். ஆய்வகக் கணினியில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறான்.

"குடுத்தது நீயா, உன் கூட்டாளியா?"

"தெரியல சார்."

"தெரியலன்னா நீதான்னு எழுதிக்குவேன்."

நான் மறுக்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வெளியே சங்உக் அழுதுகொண்டிருந்தான். "அக்கா, அண்ணன்தான் குடுத்தாரு. பாத்துப் புரிஞ்சுக்கோ, அப்படியே போட்டுறாதன்னு சொன்னாரு. நான்தான் பயத்துல போட்டுட்டேன். அண்ணன் பேரச் சொல்லிரட்டுமா?" என்றான். "வாய மூடிட்டுப் போடா" என்று விரட்டிவிட்டேன். படிப்பை நிறுத்திவிட்டு ராணுவத்துக்குப் போனவன்மேல் இப்படிப் புகார் விழுந்தால் திரும்பச் சேர்ப்பதே சந்தேகம் என்று துறை அலுவலகத்தில் முன்பே ஒருமுறை சொல்லக் கேட்டிருந்தேன்.

சங்உக்குக்கும் எனக்கும் பாடமே தோல்வி. பியோவின் ஆய்வகத்தில் குளிர்காலத்துக்கு எனக்குச் சொல்லியிருந்த உதவியாளர் இடமும் போயிற்று. மொக்போவிலிருந்து அப்பா பேசினார். "காப்பி அடிச்சியா?" என்று ஒரே கேள்வி. அதன்பின் என் போனை எடுப்பதில்லை. உணவகத்தில் நான் தட்டோடு போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது.

மதிப்பெண் இல்லை என்றாலும் வகுப்புக்குப் போகிறேன். கணினி கோப்புகளை வன்தட்டில் எப்படி அடுக்குகிறது என்று பியோ இப்போது நடத்துகிறார். நன்றாகத்தான் நடத்துகிறார். என் பக்கம் மட்டும் பார்ப்பதில்லை.

என்மேல் கோபமா என்று பதிலில் கேட்காதே. இல்லை என்று எழுதிவிடுவேன், அது பொய்யாக இருக்கும்.

பயிற்சி முடிந்து முதல் விடுப்பில் வரும்போது ரயில் நிலையத்தில் என்னைத் தேடாதே. நான் வரமாட்டேன். பேராசிரியர் மாலைவரை தன் அறையில்தான் இருப்பார், கதவைத் தட்டினால் போதும். போவதும் போகாததும் உன் இஷ்டம்.

வேளைக்குச் சாப்பிடு. காய்ச்சல் வந்தால் மறைக்காமல் சொல். நீ முழுசாய்த் திரும்பி வர வேண்டும்.

இப்படிக்கு,
ஹேரான்