தானமாக வந்த நாலு கோல்

என் அன்பான செல்வம் மாமா,

எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் உங்களிடம் சுற்றி வளைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நம் பஜார் லெவன் கப் அடித்தது. மூன்று கோல் பின்தங்கி இருந்து, கடைசியில் நாலுக்கு மூன்று. அதுவும் உங்கள் பெயரில் நடந்த போட்டியின் ஃபைனலில். அல்சூர் ஏரியாவே ஆடித் தீர்த்தது. எனக்கு மட்டும் அந்தக் கப்பைத் தொடவே பிடிக்கவில்லை.

மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிறது. நம் பக்கத்தில் ஒரு ஆட்டக்காரன் போய்விட்டால் அவன் பெயரில் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் கால்பந்துப் போட்டி வைப்பது வழக்கம்தானே. நீங்களே எத்தனை பேருக்கு நின்று நடத்தியிருக்கிறீர்கள்! இந்த வருஷம் உங்கள் முறை. மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உங்கள் படத்தை வைத்தார்கள், உங்களைக் கட்டிய என் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மாலை, பொட்டு, ஒரு கட்டு ஊதுவத்தி. அந்தப் புகை த்ரோ போடுகிறவன் கண்ணில் போய் அடித்தது. நீங்கள் இருந்திருந்தால் நாற்காலியை எட்டி உதைத்திருப்பீர்கள்.

ஃபைனலுக்கு வந்தது யார் தெரியுமா? ஜூபிலி. நடுவில் ஒரு சாக்கடை, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாம். உங்கள் வாழ்நாள் முழுக்க நீங்கள் காலோடு காலாக ஒட்டிக்கொண்டு மறித்த அதே ஆண்டனிதான் இப்போது அவர்களுக்குக் கேப்டன்.

முதல் பாதியில் அவன் இரண்டு போட்டான், இன்னொருத்தன் ஒன்று. மூன்றாவது கோல் நம் கோலியின் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து போனது. எனக்குப் பின்னால் நின்ற டெய்லர் முருகேஷ் தலையில் அடித்துக்கொண்டார். "சாவு வீட்டுக்கு வந்தவனுங்க கூட இத விட வேகமா நடப்பானுங்கடா!" நம் பையன்கள் அவ்வளவு கேவலமாக ஆடினார்கள். கோபம் வந்தது. ஆனால் மாமா, அது நல்ல கோபம். மேட்ச் பார்க்கிறவனுக்கு வரவேண்டிய கோபம்.

இடைவேளை முடிந்து வந்ததும் கார்னரில் இருந்து நம் பாபு தலையால் முட்டி ஒன்று போட்டான். நான் செருப்பைத் தூக்கி மேலே எறிந்தேன், ஒற்றைச் செருப்பு இன்னும் கிடைக்கவில்லை. இரண்டாவது விழுந்தபோது யாரென்றே தெரியாத ஒரு போலீஸ்காரரைக் கட்டிக்கொண்டேன்.

நம் மூன்றாவது கோலில்தான் என் முகம் மாறியது. பாபு பந்தோடு நேராக வருகிறான். கோலுக்கு முன்னால் மறிக்கவேண்டிய ஜூபிலி ஸ்டாப்பர் அவன் முன்னால் நிற்கிறான். நின்றவன் ஒதுங்கி வழிவிட்டான். அவ்வளவுதான். பீன்யா கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை என்று உங்களுக்குத் தெரியும். பளபளவென்று வருகிற பாகத்தில் கோளாறு எங்கே என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கண்ணை மூடிக்கொள்ள எந்தப் பாலிடெக்னிக்கிலும் சொல்லித்தரவில்லை. நாலாவது கோலுக்கு அவர்கள் கோலி பாய்ந்தான், ஒப்புக்கொள்கிறேன். பந்து வலைக்குள் போய் உட்கார்ந்த பிறகு பாய்ந்தான்.

விசில் ஊதியதும் தமட்டை மேளம், பட்டாசு, அழுகை. மைக்கில் ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துகிறான். "மேல இருந்து நம்ம செல்வம் அண்ணனே அடிச்ச கோலு இது!" கூட்டமே கண்ணைத் துடைக்கிறது. மாமா, நீங்கள் ஸ்டாப்பர். ஆடிய காலமெல்லாம் நீங்கள் போட்டது ஒரே ஒரு கோல். அதுவும் நம் வலையில். செத்த பிறகா ஃபார்வர்டு ஆனீர்கள்?

நான் நேரே ஆண்டனியிடம் போனேன். கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னா குரு, ஒரு கங்கிராட்ஸ் கூட இல்லியா?"

"யாருக்குச் சொல்றது? உங்களுக்கா, எங்களுக்கா?"

சிரித்துக்கொண்டிருந்தவன் சிரிப்பை நிறுத்தினான். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பிடு குரு, விட்டுடு. அண்ணன் பேர் போட்ட கப்பு. அண்ணன் போட்டோவுக்கு முன்னாடி, அக்கா பாத்துட்டு உக்காந்திருக்கும்போது, நாங்க தூக்கிக்கினு போறதா? நல்லாவா இருக்கும்? ஹாஃப் டைம்ல பசங்க கிட்ட சொல்ட்டேன். இது ஒரு மரியாத."

"இதுக்குப் பேரு பிச்சை."

"வாய அளந்து பேசு."

அதற்கு மேல் பேசியிருந்தால் அடிதடி ஆகியிருக்கும். நம் பையன்கள் அவனைத் தோளில் தட்டி ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜூபிலிக்காரனுக்கு நாம் ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுக்கிறோம், மாமா! இருபது வருஷப் பகை ஒரு கப் ஐஸ்க்ரீமில் கரைந்துபோனது. பகை போனதில் எனக்கு வருத்தமில்லை. அது போன விதம்தான் அருவருப்பாக இருக்கிறது.

இரவு வீட்டில் கப் டிவி மேல் இருந்தது. பக்கத்து வீட்டார் வந்து தொட்டுத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அக்காவிடம் சொல்வதா, விடுவதா? அவள் சந்தோஷப்பட்டு ஒரு வருஷம் ஆகிறதே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கே ஆச்சரியம். எல்லோரும் போன பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"அந்த ஸ்டாப்பர் பையன் மூஞ்சியப் பாத்தியாடா?"

"எந்தப் பையன்?"

"நடிக்காத. மூணாவது கோலுக்கு வழி விட்டானே, அவன். பஸ்ல என்னப் பாத்ததும் எழுந்து எடம் குடுக்கறாங்களே, அதே மூஞ்சி."

அவள் நிறுத்தவில்லை. "குழாயடில மேரி முன்னெல்லாம் என் கொடத்த எட்டி ஒதைப்பா. இப்போ 'நீ மொதல்ல புடி வசந்தா'ங்கறா. ஒரு வருஷமா என்ன யாரும் ஒரு வார்த்த திட்டல. அவரு செத்தாரு, சரி. நானுமா செத்துட்டேன்? இத எடுத்துக்கினு போய் அவனுங்க கிட்டயே குடு. ஜெயிச்சிட்டு வந்தா வை. இல்லன்னா வேணாம்."

மாமா, நான் மேட்ச்சைப் பற்றி மட்டும்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். இது எனக்கு ஏன் தெரியாமல் போனது? ஒரே வீட்டில்தானே இருக்கிறேன்?

முதலில் நம் கேப்டன் பாபுவிடம் சொன்னேன். "கப்பு வூட்டுக்கு வந்தாச்சு, உனக்கு இன்னாடா கொடச்சல்?" என்று சட்டையைப் பிடித்துவிட்டான். தான் அந்த மூன்றாவது கோலைத் திறமையால் போட்டதாகவே அவன் நம்பிக்கொண்டிருந்தான். சமாதானப்படுத்த நினைத்து, "உன்னோட மொத கோல் உண்மையானதுடா" என்றேன். அது இன்னும் மோசமாகப் போனது. அவன் என்னோடு பேசுவதில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து கப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆண்டனி வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்தபடி நின்றான். பையை வாங்க மாட்டேன் என்றான். தன் பையன்கள் மானம் போய்விடும் என்றான். நான் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். பஸ், குழாயடி, எல்லாம்.

கதவை முழுசாகத் திறந்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்: "எங்கப்பா செத்த வாரம் லீக் மேட்ச்சு. யாரப் பாத்தாலும் கட்டிப்புடிச்சு அழுவானுங்க. உங்க மாமா மட்டும் மொத நிமிஷமே என் முட்டில ஒண்ணு போட்டாரு. கீழ வுழுந்தேன். 'எழுந்திர்றா, வெளையாட வந்தியா, படுக்க வந்தியா'ன்னாரு. அந்த ஒரு மேட்ச்சுதான் நான் அழாம இருந்தேன்."

"அப்புறம் ஏன்டா இப்படிப் பண்ண?"

"தெரியல குரு. போட்டோவப் பாத்தா அடிக்க மனசு வரல."

கடைசியில் அவன் வழிக்கு வந்தான். "வர்ற ஞாயித்துக்கெழம. மைக்கு, மால, ஒண்ணும் வேணாம். கப்ப மட்டும் எடுத்துக்கினு வாங்க. ஆறு கோலு போடுவோம், அப்புறம் அழக்கூடாது."

வீட்டில் வந்து சொன்னேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "ஆறா? அவன் ஆயுசுல ஒரே மேட்ச்சுல மூணுக்கு மேல போட்டதில்ல. மொதல்ல அவன் தொப்பையக் கொறைக்கச் சொல்லு. கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடியே வந்து நிக்கறேன், வாய்க்கு வந்தபடி திட்டறேன்." கீரைத் தண்டை அவள் ஒடித்த வேகத்தைப் பார்த்து எனக்கு ஆண்டனி மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

நம் பையன்கள் இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கப் வந்த பிறகு மறுபடி எதற்கு ஆட வேண்டும் என்கிறார்கள். வருவார்கள். பயந்துபோய்த்தான் வரமாட்டேன் என்கிறார்கள் என்று ஜூபிலி பக்கம் பேச்சுக் கிளம்பினால் எப்படி வராமல் இருப்பார்கள்? அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான்.

நாம் தோற்கத்தான் வாய்ப்பு அதிகம், மாமா. உங்களுக்குப் பிறகு இந்த டீமில் பந்தை மறிக்கிறவன் எவனும் இல்லை. தோற்றால் கப்பை நானே தூக்கிக்கொண்டு சாக்கடையைத் தாண்டிப் போய் ஆண்டனி கையில் கொடுப்பேன். உங்கள் பெயர் பொறித்த கப் அவன் வீட்டில் இருக்கட்டும். வாங்கினவன் அடித்து வாங்கினதாக இருக்கும். ஜெயித்தாலும் தோற்றாலும் அன்று சாயங்காலமே உங்களுக்கு ஸ்கோரைச் சொல்கிறேன். ஒரு கோல்கூடக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

அக்காவை யார் திட்டினாலும் குறுக்கே போகமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கும்,
உங்கள் மச்சான்,
வசந்தாவின் தம்பி.