ஆற்றுப் பாதைக்கு வைத்த வெற்றிலை

நாவலப்பிட்டி
12.02.2005

அன்பின் ஹபீலா,

பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியும்வரை அறைக்குள் அடைபட்டிருப்பவளுக்குக் கடிதமாவது வரட்டும் என்று எழுதுகிறேன். மகளுக்கு உன் மூக்கா, வாப்பாவின் மூக்கா?

இங்கே சேதி நல்லதில்லை. நம் படகுத்துறைக்கு இறங்கும் பாதையில் ஹோட்டல்காரர்கள் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். மகாவலியில் வேறெங்கே இறங்குவது? மற்ற இடமெல்லாம் பாறை. கட்டம்பே படகுப் போட்டிக்குப் போக வேண்டிய பெண்கள் துடுப்போடு ரோட்டில் நிற்கிறார்கள். நீயும் நானும் தொடங்கிய படகுச் சங்கம் இதோடு மூடிவிடும் போலிருக்கிறது.

பிரதேச செயலகத்தில் முறைப்பாடு கொடுத்தேன். ஹோட்டல் மேனேஜர் சொல்வதைக் கேள். கோயில் திருவிழாவில் கரகம் பாலிக்க, குடத்தை அலங்கரித்துப் பூசை செய்து எடுக்க, ஆற்றுக்கு இறங்குவோம் அல்லவா? ஒவ்வொரு முறையும் கோயில் தலைவர் வீரய்யா மாமா வெற்றிலைத் தட்டோடு போய் அவரைப் பார்த்தாராம். "அனுமதி கேட்டுத்தானே போனீங்க? அப்ப பாதை எங்களோடது" என்கிறார். மாமாவின் மரியாதையே நமக்குக் குழி பறித்துவிட்டது. கோபத்தில் அவரோடு பேசுவதையே விட்டுவிட்டேன்.

21ஆம் திகதி திங்கட்கிழமை விசாரணை. பயமாக இருக்கிறதடி.

உன்
ராஜேஸ்வரி


அக்குறணை
15.02.2005

அன்பின் ராஜேஸ்,

மூக்கு என்னுடையதுதான். மாமிக்கு அதில் வருத்தம். அவர் கிண்டித் தரும் மருந்தைத் தின்று என் நாக்கே செத்துவிட்டது.

மக்கு! திருவிழாவுக்கு எனக்கும்தான் மாமா கையில் வெற்றிலை கொடுத்து அனுப்புகிறாய். என்னிடம் என்ன அனுமதி கேட்டாய்? "கட்டாயம் வந்துடணும் மகளே" என்றுதானே மாமா சொல்வார்? மேனேஜரிடம் மட்டும் வேறென்ன சொல்லியிருப்பார்? அந்த மேனேஜர் மாலை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டதை நானே பார்த்தேன்.

முதலில் மாமாவோடு பேசு. விசாரணைக்கு அவரைக் கூட்டிப் போ. வாசல் தாண்ட விட்டால் நானே வந்து மேனேஜரை ஒரு பிடி பிடித்திருப்பேன்.

துஆவுடன்,
ஹபீலா


நாவலப்பிட்டி
22.02.2005

அடியே ஹபீலா,

ஜெயித்துவிட்டோம்!

மாமாவிடம் போய் அழுதேன். "அழுவாச்சிய விடு, திங்கக்கெழம எத்தன மணிக்குப் போகணும்?" என்றார்.

விசாரணையில் அதிகாரி அவரைத்தான் கேட்டார்: "வெத்தில வச்சு என்ன சொன்னீங்க?"

"கரகம் ஆத்துக்குப் போகுது, குடும்பத்தோட வாங்கன்னேங்க. ஓட்டலு வர்றதுக்கு முன்னாடியே நாங்க போற பாதைங்க அது. புதுசா வந்தவங்கள நாங்கதான கூப்பிடணும்?"

அதிகாரி மேனேஜர் பக்கம் திரும்பினார். "போனீங்களா?"

"போனேன்."

"சாப்பிட்டீங்களா?"

"பொங்கல் மட்டும்தான்" என்றார் மனிதர். "அப்ப நீங்கதானே விருந்தாளி? கேட்டைக் கழட்டுங்க" என்றார் அதிகாரி. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

நேற்றுப் பின்னேரமே கழற்றிவிட்டார்கள். பெண்கள் படகுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கூச்சலோடு இறங்கினார்கள். மாமா முன்னால் நடந்தார். படகு தண்ணீரைத் தொட்டதும் என் வயிறு குளிர்ந்துவிட்டது. போட்டிக்குப் போகிறோம்.

நாற்பது முடிந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர். இந்தத் திருவிழாவுக்கு உனக்கு வெற்றிலை கிடையாது. நம் வீட்டுப் பெண்ணுக்கு யாராவது அழைப்பு வைப்பார்களா?

உன்
ராஜேஸ்